மூன்று விரல் கணக்கு: கரண்ட் வைத்த பிறகு இறுகும் தாடையும் அதைத் திறக்கும் பயிற்சியும்

கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒட்டிச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாற்போல் நிமிர்த்தி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் விடுங்கள். பெரும்பாலோருக்கு நுழையும். குழந்தையானாலும் ஆறடி ஆளானாலும் அவரவர் வாய்க்கு அவரவர் விரல்தான் அளவு. இரண்டு விரலோடு நின்றுவிட்டால் தாடை இறுகத் தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு விரல்தான் போகிறது என்றால் சாப்பாடே பெரும்பாடாகிவிடும்.

ஸ்கேல் வைத்து அளந்தால் பெரியவர்களுக்குச் சாதாரணமாக 35 முதல் 55 மில்லிமீட்டர் வரை வாய் திறக்கும். 35-க்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதை டிரிஸ்மஸ் என்பார்கள். தமிழில் வாய்ப்பூட்டு என்று ஒரு நல்ல சொல் கைவசம் இருக்கிறது. நேர்த்திக்கடனுக்குப் போட்டுக்கொள்கிற வாய்ப்பூட்டை வேண்டுதல் முடிந்ததும் கழற்றிவிடலாம், இந்தப் பூட்டு அப்படிக் கழலாது, அதுதான் வித்தியாசம். (ஆணி குத்தினால் வரும் டெட்டனஸிலும் தாடை பூட்டிக்கொள்ளும். அது வேறு, இங்கே பேசப்போவது புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்த பிறகு இறுகும் தாடையைப் பற்றி. டி.டி. ஊசி போட்டால் சரியாகுமா என்று எங்களிடமே இரண்டு பேர் கேட்டார்கள். ஆகாது.)

எங்கள் சித்தப்பா சுவாமிமலைப் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவர். வெற்றிலை விளைவிக்கிறவர் வீட்டில் செல்லப்பெட்டி இல்லாமல் இருக்குமா, சீவலும் சுண்ணாம்பும் நாற்பது வருஷப் பழக்கம், நடுவில் எப்போதோ புகையிலையும் வந்து சேர்ந்துகொண்டது. இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண், ஆறவே இல்லை, சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்றார்கள். ஆபரேஷன் ஆனது, அப்புறம் ஆறு வாரம் கரண்ட். நம் ஊரில் ரேடியேஷனை யாரும் ரேடியேஷன் என்று சொல்வதில்லை, கரண்ட் வைக்கிறார்கள் என்பதுதான் வழக்கு. உண்மையில் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை, எக்ஸ்ரே வகையைச் சேர்ந்த, அதைவிடப் பலமடங்கு வீரியமுள்ள கதிர் அது. சரி, அதுவும் முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். எல்லாரும் அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

பூட்டு விழுந்தது அதற்கு அப்புறம்தான். நான்கு மாதம் கழித்துச் சித்திதான் முதலில் கவனித்தார். இட்லியை நான்காகப் பிய்த்துச் சாப்பிட்டவர் எட்டாகப் பிய்க்கிறார், பிறகு சாம்பாரில் குழைத்து ஸ்பூனால் உறிஞ்சுகிறார். சொம்பைத் தூக்கி அண்ணாந்து மோர் குடிக்கிறவர், டம்ளர் விளிம்பை உதட்டில் வைத்துக் குடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் குளியலறையில் பேரனுடைய சின்ன பிரஷ் ஈரமாக இருந்தது. பெரிய பிரஷ் கடைவாய்க்குப் போகவில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார் மனிதர். நாங்கள் போய்வந்த இடத்தில் மருந்து, சாப்பாடு, அடுத்த செக்கப் தேதி எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். வாயைத் திறந்து பழகுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, அல்லது அந்தக் கூட்டத்தில் சொன்னது எங்கள் காதில் விழவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய் அளந்தபோது 19 மில்லிமீட்டர் இருந்தது.

ஏன் இறுகுகிறது என்பது புரிந்துவிட்டால் பயிற்சியும் தானே புரிந்துவிடும், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தில், தாடையின் பின்மூலைக்கு மேலே கை வைத்துப் பாருங்கள், ஒரு தசை உருண்டு எழும். அப்படியே நெற்றிப்பொட்டில் கை வைத்தால் அங்கேயும் ஒன்று துடிக்கும். இவை இரண்டும், தாடைக்கு உள்பக்கம் கையால் தொட முடியாத இடத்தில் இருக்கும் இன்னொன்றும் சேர்ந்துதான் வாயை மூடுகின்றன. உடம்பிலேயே நல்ல வலுவான தசைகள் இவை, கரும்பைக் கடித்து உரிப்பது இவற்றின் தயவில்தான். வாயைத் திறக்கிற தசைகளோ இவற்றுக்கு முன்னால் சோனி. மூடுகிற பக்கம் இறுகிவிட்டால், திறக்கிற பக்கம் எவ்வளவு முயன்றாலும் தனியாக ஜெயிக்க முடியாது. வெளியிலிருந்து ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்து திறந்து மூடினால் மட்டும் ஏன் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

இறுகுவது எப்படி? கதிர் புற்றுச் செல்லை மட்டும் தேடிப் பிடித்து அடிப்பதில்லை, போகிற வழியில் இருக்கும் நல்ல தசையிலும் படும். அந்த இடத்தில் அழற்சி வருகிறது, உடம்பு அதை ஆற்றப் பார்க்கிறது, ஆற்றும்போது தழும்பு நாரைக் கொஞ்சம் அதிகமாகவே நெய்துவிடுகிறது. கையில் வெட்டுக்காயம் ஆறினால் தழும்பு கெட்டியாக இருக்கிறதல்லவா, அது தசைக்குள்ளே பரவலாக நடந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்திருந்தால் அந்தத் தழும்பும் சேர்ந்துகொள்ளும். வலிக்கிறதே என்று வாயைத் திறக்காமலே வைத்திருந்தால் மூட்டும் சேர்ந்து சோம்பேறியாகிவிடும். இதில் மோசமான விஷயம், கரண்ட் நின்ற அன்றோடு இது நிற்பதில்லை. முதல் ஒன்பது மாதம், ஒரு வருடத்துக்குள்தான் வாய் வேகமாகச் சுருங்குகிறது, அதற்கப்புறமும் வருடக்கணக்கில் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். வாய்க்கால் தூர்வது போலத்தான், ஒரே நாளில் யார் கண்ணிலும் படாது, தண்ணீர் ஏறாதபோதுதான் தெரியும்.

எல்லாப் புற்றுக்கும் இப்படி வராது. உள்கன்னம், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடம், டான்சில், மூக்குக்குப் பின்புறத் தொண்டை இவற்றில் வந்தால் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கதிர் விழும் பாதையிலேயே மெல்லும் தசைகள் இருக்கின்றன. குரல்வளைப் புற்று என்றால் பெரும்பாலும் அவ்வளவு சிரமம் இல்லை.

நம் டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெற்றிலையைக் குறை சொன்னால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும், அவர் கோபத்தில் நியாயமும் இருக்கிறது, முக்கியக் குற்றவாளிகள் பாக்கும் புகையிலையும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையே 2004-இல் புற்று உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பாக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. கன்னத்தின் உள்தோலைக் கெட்டியாக்கி, தடவினால் கயிறு போல நெருடும் பட்டைகளை உண்டாக்குகிறது. புற்று வருவதற்கு முன்பே வாய் சுருங்கியவர்கள் இதனால் நிறையப் பேர். அவர்களுக்குச் சிகிச்சையின் இறுக்கமும் அதன்மேல் வந்து உட்கார்கிறது. ஆகவே கரண்ட் தொடங்கும் முன்பே ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம், எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல முடியாது.

வாய் திறப்பது சாப்பாட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். புற்று திரும்ப வந்திருக்கிறதா என்று மருத்துவர் எட்டிப் பார்க்க வாய் திறக்க வேண்டும். பல் டாக்டர் கருவி உள்ளே போக வேண்டும். நாளைக்கு வேறு எதற்காவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவர் தொண்டைக்குள் குழாய் விட வேண்டும், வாய் திறக்காத ஆளுக்கு அது பெரிய தலைவலி.

இப்போது பயிற்சி. ஆனால் அதற்கும் முன்னால் சித்தப்பா செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆண்கள் பலர் முதலில் அதைத்தான் செய்வார்கள். தாடை இறுகியிருக்கிறது, இழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று கேட்டு வந்த அன்று ராத்திரியே, பாக்குவெட்டியின் பிடியைக் கடைவாயில் கொடுத்து நெம்பியிருக்கிறார். மறுநாள் காலையில் கன்னம் வீங்கி, அளந்தால் 17. ஒரே ராத்திரியில் இரண்டு மில்லிமீட்டர் போச்சு. தசையைச் சட்டென்று இழுத்தால் அது பயந்து எதிர்த்துச் சுருங்கும், நார் கிழியும், கிழிந்த இடம் மறுபடி தழும்பாகும், அதாவது எதைக் குறைக்கப் பார்த்தோமோ அதுவே கூடும். தழும்பு நார் பலத்துக்குக் கட்டுப்படாது, நேரத்துக்குத்தான் கட்டுப்படும். இதமாக இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அதையே நாளைக்குப் பல தடவை செய்தால், விட்டுக்கொடுத்தது அப்படியே நிலைக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தையல் ஆற வேண்டும், வேறு இடத்திலிருந்து சதை எடுத்து வைத்திருந்தால் அது பிடிக்க வேண்டும், தாடை எலும்பை வெட்டிப் பிளேட் வைத்திருந்தால் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அறுவை சிகிச்சை செய்தவர்தான் சொல்ல முடியும். கரண்ட் மட்டும் என்றால், முதல் நாளிலிருந்தே, ஏன் அதற்கு முன்பிருந்தே, லேசாகச் செய்யலாம். மூன்றாவது நான்காவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும், எல்லாரும் கைவிடுவது அப்போதுதான். அந்த வாரங்களில் இழுக்காவிட்டாலும் வலிக்காத அளவுக்குத் திறந்து மூடிக்கொண்டாவது இருங்கள்.

முதலில் கருவி எதுவும் இல்லாமல் செய்வது. கண்ணாடி முன் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை அசைக்காமல், முடிந்தவரை வாயைத் திறந்து சில நொடி நிறுத்துங்கள். மூடித் தளர்த்துங்கள். அடுத்து தாடையை இடது பக்கம் நகர்த்தி நிறுத்துங்கள், பிறகு வலது பக்கம், பிறகு கீழ்த்தாடையை முன்னால் தள்ளி. ஒவ்வொன்றும் ஐந்து தடவை. பக்கவாட்டில் நகர்த்துவது எதற்கு என்று கேட்கலாம். காதுக்கு முன்னால் விரல் வைத்து மெல்ல வாயைத் திறந்து பாருங்கள். முதல் பாதியில் மூட்டு கதவுக் கீல் மாதிரி சுழல்கிறது, அதற்கு மேல் திறக்க வேண்டுமானால் மூட்டின் உருண்டை முன்னால் வழுக்கிப் போகிறது, விரலுக்கு அடியில் அது தெரியும். கீல் மட்டும் வேலை செய்தால் ஏறக்குறைய 20, 25 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். மிச்சத்தைத் தருவது அந்த வழுக்கல், அதைப் பழக்கத்தான் முன்னும் பக்கமும் நகர்த்துவது.

அப்புறம் கை கொடுப்பது. கட்டைவிரலை மேல்வரிசை முன்பல்லின் கீழ்விளிம்பிலும் ஆள்காட்டி விரலைக் கீழ்வரிசை முன்பல்லின் மேல்விளிம்பிலும் வைத்து, கத்தரிக்கோல் விரிவது போல மெதுவாக விரியுங்கள். இழுக்கிறது என்று தெரிய வேண்டும், உயிர் போகிற வலி கூடாது. தாடைத் தசையைத் தளரவிட்டு, 15 முதல் 30 நொடி பிடியுங்கள். ஐந்து தடவை. இதை ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து வேளை.

அந்த 30 நொடியில்தான் எல்லாரும் ஏமாற்றுவார்கள். சித்தப்பா மனதுக்குள் எண்ணி முப்பது ஆச்சு என்று கையை எடுப்பார், போனில் பார்த்தால் பதினெட்டு. சித்தி எண்ணினால் அவருக்குக் கோபம், "ஏன்டி இழுத்து இழுத்து எண்ணுற" என்று வாய்க்குள் விரலோடு ஒரு சத்தம் வரும், கடைசியில் டைமர்தான் இருவரையும் சமாதானப்படுத்தியது.

விரலில் வலு இல்லாதவர்களுக்கு, அல்லது அளவு துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு, குச்சி. டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கிற தட்டை மரக்குச்சி மருந்துக்கடையில் கிடைக்கும், இல்லையென்றால் சுத்தமான புது ஐஸ் குச்சி. ஒன்று சுமார் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமன். சிரமமில்லாமல் எத்தனை குச்சி நுழைகிறதோ அத்தனையை அடுக்கி மேல் கீழ்ப் பல்லுக்கு நடுவில் வையுங்கள், பிறகு அடுக்கின் நடுவில் ஒன்றை மட்டும் மெல்ல நுழையுங்கள். அந்த ஒன்றுதான் பயிற்சி. சித்தப்பா பதினொன்றில் தொடங்கினார். திண்ணையில் தூணில் சாய்ந்து, தோளில் துண்டு (எச்சில் ஒழுகும், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை), கையில் பேரனுடைய ஸ்கேல், பக்கத்தில் சொம்பில் தண்ணீர். கரண்ட் வைத்தவர்களுக்கு உமிழ்நீர் வற்றிப்போகும், காய்ந்த உதடு குச்சியில் ஒட்டித் தோல் உரியும், அதனால் முதலில் ஒரு வாய் தண்ணீர், உதட்டில் துளி தேங்காய் எண்ணெய். எப்போதும் முன்பல் இரண்டு மட்டுமே பாரம் தாங்கும்படி வைக்காதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, இடமும் வலமும் மாற்றி மாற்றி வையுங்கள். பல் ஆடினால் குச்சி வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பல்லே இல்லாதவர்கள் ஈறிலிருந்து ஈறுக்கு அளக்க வேண்டும், எண் பெரிதாக வரும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

இதற்கென்றே கருவிகளும் இருக்கின்றன. தெராபைட் என்று ஒன்று, கையால் அழுத்தினால் இரண்டு தகடும் விரிந்து தாடையைத் திறக்கும். அதற்குச் சொல்லும் கணக்கு சுவாரசியமானது: ஏழு தடவை, ஏழு நொடி, நாளைக்கு ஏழு வேளை. கணக்குக்குக் கணக்கு வேறுபடும், உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கருவி நன்றாக இருக்கிறது, விலைதான் நம் கைக்கு எட்டாது. இங்கே பல் மருத்துவர்களிடம் திருகு வைத்த இரும்புக் கருவி ஒன்று இருக்கும், திருகத் திருக விரியும். அதை வாங்கிவந்து வீட்டில் தானாகத் திருகுவது பாக்குவெட்டிக் கதைதான், பல்லே உடையும்.

தொடங்குவதற்கு முன் வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்தில் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் தசை இளகும். ஆனால் கரண்ட் பட்ட தோலிலும் ஆபரேஷன் ஆன கன்னத்திலும் உணர்ச்சி குறைவாக இருக்கலாம், சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும், ஆகவே வேறொருவர் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். புண்ணோ உரிந்த தோலோ இருந்தால் ஒத்தடமே வேண்டாம். மருத்துவர் வலி மாத்திரை கொடுத்திருந்தால் அதைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு லேசான வலி கொஞ்ச நேரம் இருந்து போவது சகஜம். மறுநாளும் வலித்தால் நேற்று அதிகம் இழுத்திருக்கிறீர்கள், ஒரு குச்சி குறையுங்கள். ரத்தம் வந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், பளிச்சென்று புதிய வலி வந்தால், நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். நன்றாகத் திறந்துகொண்டிருந்த வாய் காரணமில்லாமல் சில நாளில் மூடிக்கொண்டு வந்தால் தாமதிக்கவே கூடாது, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அறிகுறி அது. இன்னொன்று, கரண்ட் பட்ட தாடையில் பல் பிடுங்குவது சாதாரண விஷயம் இல்லை, ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு ஆறாமல் செத்துப்போகக்கூடும். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக, எனக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பிசியோதெரபிக்குத் தினமும் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் பஸ் ஏற முடியாதவர்கள், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம், 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் சேர்த்திதான். தாடைக்கு என்று கேளுங்கள், கை கால் மட்டும்தான் என்று நாமே நினைத்துக்கொண்டு கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அளப்பது வாரம் ஒருமுறை போதும், அதே நாள், அதே வேளை, அதே பல்லுக்கு நேராக. தினமும் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் ஏறியது இறங்கியது என்று மனசுதான் கெடும். சித்தப்பா வெள்ளிக்கிழமை தோறும் தினசரிக் காலண்டர் தாளில், ராகுகாலத்துக்குக் கீழே பென்சிலால் எழுதி வைக்கிறார். 17, 19, 19, 20, 19, 21. இப்படித்தான் ஏறும், படிக்கட்டு மாதிரி இல்லாமல் ஆற்றுமணலில் நடப்பது மாதிரி. ஐந்து மாதத்தில் 27-க்கு வந்தார். பெரிய பிரஷ் இப்போது போகிறது, தோசையைச் சுருட்டாமல் பிய்த்துச் சாப்பிடுகிறார், முறுக்கு இன்னும் ஊறவைத்துத்தான். சீக்கிரம் தொடங்கியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். ரொம்ப நாள் விட்டு இறுகிப்போன சிலருக்கு எவ்வளவு செய்தாலும் போதிய அளவு திறப்பதில்லை, அவர்களுக்கு ஆபரேஷன் செய்து விடுவிக்கும் வழியும் இருக்கிறது, ஆனால் அதற்கப்புறமும் இதே குச்சியைப் பிடிக்கத்தான் வேண்டும்.

எத்தனை நாள் செய்ய வேண்டும் என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. முதல் வருடம் முழுக்க விடாமல், அதன் பிறகு வேளையைக் குறைத்துக்கொண்டு, ஆனால் முழுதாக நிறுத்தாமல். சித்தப்பா நடுவில் கொடி இறக்கிக் கட்டும் வேலையில் பதினைந்து நாள் குச்சியைத் தொடவில்லை. அகத்திமரத்தில் கொடியைச் சுற்றி வாழைநார் போட்டுக் கட்டிக்கொண்டே, "இதெல்லாம் முடியட்டும்டா" என்றார். முடிந்து வந்து அளந்தபோது மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அதைத் திரும்பப் பிடிக்க ஐந்து வாரம் ஆனது. இப்போது குச்சிக்கட்டு ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையிலேயே கொடிக்காலுக்கும் போகிறது, முன்பு சீவல் பொட்டலம் இருந்த பையில்.